"புல்லிங் மை லெக்" என்றால் காலை வாருவதா? ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எப்படி?

பெரம்பூர் வாசகி:

வணக்கம். ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஒரு பேட்சுக்கு இருபது பேர், பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பெரும்பாலும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். டென்ஸ், பிரிபொசிஷன் எல்லாம் இரண்டு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். இடறுவது இடியம்ஸில்தான்.

ஒவ்வொரு ஆங்கிலத் தொடருக்கும் நம் சொலவடை ஒன்றை ஜோடி சேர்த்துச் சொல்வது என் வழக்கம். மனதில் நன்றாக நிற்கிறது. ஆனால் நிற்பது சில சமயம் தப்பாக நின்றுவிடுகிறது. "புல்லிங் மை லெக்" என்பதற்கு நேரே நோட்டில் "காலை வாருகிறான்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்" என்று கிளையன்ட் சொன்னால் இன்டர்நெட்டைத் துண்டிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எந்த ஜோடிகளை நம்பலாம், எவற்றைத் தூக்கிப் போட வேண்டும்? பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? தொடர் எப்படிப் பிறந்தது என்ற கதைகளை வகுப்பில் சொல்லலாமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதுங்கள்.

கோடம்பாக்கம் மொழிபெயர்ப்பாளர்:

மேடம், ஜோடி சேர்ப்பதை விட்டுவிடாதீர்கள். பொருள் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்வதில்தான் கோளாறு. அதை யார் யாரிடம், எந்த மனநிலையில் சொல்வார்கள் என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

தைரியமாக நம்பக்கூடியவை, இரண்டு மொழிக்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. ஈசாப் கதைகள் அதில் முதல். "சோர் கிரேப்ஸ்" என்றால் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்". "டாக் இன் தி மேஞ்சர்" என்றால் வைக்கோற்போர் நாய். "க்ரை வுல்ஃப்" என்றால் "புலி வருது, புலி வருது". அங்கே ஓநாய், இங்கே புலி, மற்றதெல்லாம் அப்படியே. அடுத்தது பைபிள். "வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்" என்பது மத்தேயு 27:24-இல் பிலாத்து கை கழுவிய காட்சி. தமிழிலும் "கைகழுவிவிட்டான்" என்றுதானே சொல்கிறோம்.

இதிலும் "சோர் கிரேப்ஸ்" கொஞ்சம் கவனிக்க வேண்டியது. பொறாமை என்று வந்தாலே பிள்ளைகள் இதைப் போட்டுவிடுகிறார்கள். தான் ஆசைப்பட்டுக் கிடைக்காததை "அது ஒன்றும் அவ்வளவு நல்லதில்லை" என்று பழித்தால்தான் இது பொருந்தும். அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து வயிறு எரிவதற்கு "க்ரீன் வித் என்வி". வயிற்றெரிச்சலை "ஸ்டமக் பர்னிங்" என்று சொன்னால் கேட்பவர் அசிடிட்டி என்றுதான் புரிந்துகொள்வார்.

உண்மையான வில்லங்கம் உடலுறுப்புத் தொடர்களில். சொல்லுக்குச் சொல் பொருந்துவதுபோல் இருக்கும், பொருள் எதிர்த்திசையில் ஓடும். நீங்கள் சொன்ன "புல்லிங் மை லெக்" அதில் தலையாயது. அது வெறும் கலாய்ப்பது, ஓட்டுவது. அதில் நட்பு இருக்கிறது. நம் "காலை வாருவது" கூட இருந்தே கவிழ்ப்பது. அதற்குக் கிட்டத்தில் வரும் ஆங்கிலத் தொடர் "புல் தி ரக் ஃப்ரம் அண்டர் சம்ஒன்", அதாவது கொடுத்துவந்த ஆதரவைத் திடீரென்று உருவிக்கொள்வது. வஞ்சகம் சேர்ந்திருந்தால் "ஸ்டேப் இன் தி பேக்". இது நம் "முதுகில் குத்துவது" தான், ஒரு மாற்றமும் இல்லை.

இன்னும் சில. "ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ்" என்பது வார்த்தையை முழுங்கிப் பேசுவது இல்லை. தான் சொன்னது தப்பு என்று பின்னால் ஒப்புக்கொள்ள நேர்வது. நாம் முழுங்குகிறோம் என்று சொல்வது, பாதிச் சொல் வெளியே வராமல் பேசுவதை. அதற்கு "மம்பிள்" என்ற சாதாரண வினைச்சொல் போதும். "டாங்கீஸ் இயர்ஸ்" என்றால் ரொம்ப நாள், வருஷக்கணக்கு என்று மட்டும்தான். "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொறுப்பு வரலையே" என்று வீட்டில் வாங்கும் திட்டு அதில் துளியும் கிடையாது. மூக்கை நுழைப்பது இரண்டு மொழியிலும் ஒன்றே. மூக்குடைபடுவது அப்படியில்லை, ஆங்கிலத்தில் "எக் ஆன் ஹிஸ் ஃபேஸ்", முகத்தில் முட்டை. தலைக்கனத்தை "ஹெட்வெயிட்" என்பது நம் ஊர்க் கல்லூரி கேன்டீன் ஆங்கிலம். லண்டன்காரருக்கு "பிக்-ஹெடட்" என்றால்தான் புரியும். காதில் பூ சுற்றுவதற்கு "புல் தி வுல் ஓவர் சம்ஒன்ஸ் ஐஸ்". நமக்குக் காதும் பூவும், அவர்களுக்குக் கண்ணும் கம்பளியும்.

உப்பு வந்தால் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற ஊர் நம்முடையது. உப்பு என்றதும் நன்றி, விசுவாசம் என்று மனசு போகும். "டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்" என்பதற்கும் நன்றிக்கும் சம்பந்தமே இல்லை. முழுசாக நம்பிவிடாதே, கொஞ்சம் தள்ளுபடி செய்து கேள் என்று அர்த்தம். பிரிட்டனில் "பின்ச்", அமெரிக்காவில் "கிரெய்ன்".

பொருள் சரியாகி, சந்தர்ப்பம் மாறுகிற ஜோடிகள்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்பதற்கு "அத்தி பூத்தாற்போல" என்று எல்லோரும் சொல்கிறோம். அழகான ஜோடி. அத்தியின் பூ காய்க்குள்ளேயே அடங்கிக் கிடப்பதால் நம் கண்ணில் படுவதே இல்லை. ப்ளூ மூன் என்பது இப்போதைய வழக்கில் ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமி, சுமார் இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை. 2023 ஆகஸ்டில் வந்தது. ஆனால் வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியிடம் "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கீங்க" என்போமே, அந்த இடத்தில் ஆங்கிலத் தொடர் உட்காராது. அது எத்தனை நாளைக்கு ஒருமுறை நடக்கிறது என்ற கணக்கைச் சொல்வது. "அவர் போன் செய்வது ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" சரி. வாசலில் நிற்பவரிடம் "லாங் டைம் நோ ஸீ" போதும்.

அதேபோல "கேரி கோல்ஸ் டு நியூகாசில்". டைன் நதிக்கரை நியூகாசிலிலிருந்துதான் லண்டனுக்கே கப்பலில் நிலக்கரி போனது. அந்த ஊருக்குக் கரி கொண்டுபோவது வீண் வேலை. கொல்லத் தெருவில் ஊசி விற்பது என்றால் கச்சிதம். பிள்ளைகள் "திருநெல்வேலிக்கே அல்வாவா" என்பார்கள். அது பாதிதான் சரி. நமக்கு அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது என்றும் ஒரு பொருள் இருப்பதால், அதில் "எங்கிட்டயே உன் வேலையைக் காட்டுறியா" என்ற தொனி ஏறிவிடுகிறது. நியூகாசில் தொடரில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

துரைப்பாக்கம் டெலிவரி:

கோடம்பாக்கம் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஐ.டி. பிள்ளைகளுக்கு முதல் நாலு வாரம் சொலவடையே வேண்டாம் என்பேன். மெயிலிலும் மீட்டிங்கிலும் தினசரி விழும் தொடர்கள் ஐம்பதுக்குள்தான். அதில் தப்பு செய்தால் வேலை கெடும்.

முதலில் "டேபிள்". அமெரிக்கர் "லெட்ஸ் டேபிள் திஸ்" என்றால் இப்போதைக்கு ஒத்திவைப்போம் என்று அர்த்தம். பிரிட்டிஷ்காரர் அதையே சொன்னால் இப்போதே எடுத்துப் பேசுவோம் என்று அர்த்தம். நேர் எதிர். இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாட்டுத் தளபதிகளும் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் வாதாடியதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். நம் நாடாளுமன்றத்தில் அறிக்கை "டேபிள்டு" என்று பத்திரிகையில் வந்தால் தாக்கல் செய்யப்பட்டது என்று படிக்கிறோம். அதாவது நம் காது பிரிட்டிஷ் பழக்கத்தில் இருக்கிறது. டெக்சாஸ் கிளையன்ட் சொல்லும்போது நம் பிள்ளை உடனே ஸ்லைடைத் திறந்து பேச ஆரம்பிப்பது இதனால்தான். பரிகாரம் எளிது. ஒத்திவைப்பா, பேச்சா என்று சந்தேகம் வந்தால் தேதியோடு திருப்பிக் கேட்க வேண்டும்: "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், வீ ஆர் மூவிங் திஸ் டு நெக்ஸ்ட் வீக், ரைட்?" இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள்.

"மூட் பாயின்ட்" இன்னொன்று. பிரிட்டனில் வாதத்துக்கு இடமுள்ள விஷயம். அமெரிக்காவில் இனிமேல் பேசிப் பயனில்லாத விஷயம்.

அமெரிக்கத் தொடர்களில் பல பேஸ்பாலிலிருந்து வருகின்றன. விளையாட்டு தெரியாததால் நம் ஆட்கள் ஊகித்துவிடுகிறார்கள். "ரெயின் செக்" என்பது மழையால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுக்கும் சீட்டு. "ஐ வில் டேக் எ ரெயின் செக்" என்றால் இப்போது முடியாது, பிறகு பார்ப்போம். மரியாதையான மறுப்பு அது. அதைக் கேட்டுவிட்டு உடனே காலண்டரில் அடுத்த வாரம் மீட்டிங் போடக் கூடாது. "பால்பார்க் ஃபிகர்" என்றால் உத்தேசத் தொகை. கிளையன்ட் "பால்பார்க்" கேட்டால் "நாற்பது முதல் அறுபது மனித-நாள்" என்று இரு எல்லைகளாகக் கொடுக்க வேண்டும். "நாற்பத்தேழு" என்று ஒற்றை எண் கொடுத்தால் அது அங்கே கொட்டேஷனாக மாறிவிடும். "டச் பேஸ்" என்றால் சும்மா ஒரு எட்டு பேசிக்கொள்வது. விரிவான ரிப்போர்ட் தயாரிக்க வேண்டாம். "டேக் இட் ஆஃப்லைன்" என்றால் இந்த மீட்டிங் முடிந்ததும் சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று பேர் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்பது. "பேண்ட்விட்த் இருக்கா" என்றால் நெட் வேகத்தைக் கேட்கவில்லை. கையில் நேரமும் ஆளும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

பிரிட்டிஷ் தொடர்கள் நம் பிள்ளைகளுக்குச் சுலபம். சேப்பாக்கத்தில் பந்து எகிறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு "ஸ்டிக்கி விக்கெட்" பற்றி ஒரு நிமிடம் சொன்னால் போதும். பிட்சை மூடி வைக்காத காலத்தில், மழையில் நனைந்த ஆடுகளம் வெயிலில் காயும்போது பிசுபிசுத்து, பந்து எப்படி எழும் என்றே கணிக்க முடியாது, அப்படியொரு இக்கட்டு. "ஆன் தி பேக் ஃபுட்" (தற்காப்பு நிலையில் இருப்பது), "பவுல்டு ஓவர்" (அசந்துபோவது), "ஹிட் ஃபார் சிக்ஸ்" எல்லாம் அந்த வழிதான். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: "இட் ஹிட் மீ ஃபார் சிக்ஸ்" என்றால் சிக்ஸர் அடித்த சந்தோஷம் இல்லை, அதிர்ச்சியில் நிலைகுலைந்து போவது. அடி வாங்கிய பந்தாகத் தன்னை வைத்துப் பேசுகிறார்.

திசை மாறியும் பாருங்கள். நாம் சொல்வது அவர்களுக்குப் புரியாமல் போவதும் உண்டு. "டூ தி நீட்ஃபுல்" (ஆக வேண்டியதைச் செய்யுங்கள்), "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" (வெளியூரில் இருக்கிறேன்) இரண்டும் இங்கே தங்கிவிட்ட பழைய ஆங்கிலம். "கைண்ட்லி ரிவர்ட்" என்றால் நாம் பதில் கேட்கிறோம். அவர்கள் காதில் பழைய நிலைக்குத் திருப்பு என்று விழும். கோட் மாற்றம் பற்றிய மெயிலில் இந்தச் சொல் இருந்தால், செய்த மாற்றத்தையே அவர் நீக்கிவிடக் கூடும். "ப்ளீஸ் ரிப்ளை" என்று எழுதச் சொல்லுங்கள். "ஐ பாஸ்டு அவுட் இன் 2022" என்றால் 2022-இல் மயங்கி விழுந்தேன் என்று அவர்களுக்குக் கேட்கும். "கிராஜுவேட்டட்" என்பதே சரி.

மயிலை இலக்கணம்:

ஒரு அடிப்படை விஷயம் விட்டுப்போகிறது. பழமொழி வேறு, மரபுத்தொடர் வேறு. "ஈயத்தைப் பார்த்து இளிச்சதாம் பித்தளை" முழு வாக்கியம், அப்படியே எடுத்துப் போடலாம். மரபுத்தொடர் வாக்கியத்துக்குள் ஒரு உறுப்பு. காலம், இடம், ஆள் எல்லாம் அதற்கு மாறும். எந்தப் பகுதி மாறும், எந்தப் பகுதி கல்லில் செதுக்கியது என்று சொல்லித்தராவிட்டால் பொருள் தெரிந்தும் வாக்கியம் தப்பாகும்.

"புல் மை லெக்"கில் மாறுவது "மை" மட்டும். யுவர், ஹிஸ், ஹெர் வரலாம். "லெக்" ஒருமை; "லெக்ஸ்" என்று போட்டால் நிஜமாகவே இரண்டு காலையும் பிடித்து இழுப்பதாகிவிடும். "பைட் தி புல்லட்"டில், அதாவது வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்பதில், "தி" கட்டாயம். "பைட் எ புல்லட்" கிடையாது. "பை தி ஸ்கின் ஆஃப் மை டீத்" என்பதில் "பை" தான் வழக்கு. இது யோபு 19:20-இலிருந்து வந்தது. 1611-இன் ஆங்கில பைபிளில் "வித்" என்று இருந்தாலும் இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. நூலிழையில் தப்பினான் என்போமே, அதுதான்.

செயப்பாட்டு வினையும் சோதித்துப் பாருங்கள். "ஸ்பில் தி பீன்ஸ்", ரகசியத்தை உளறிவிடுவது. "தி பீன்ஸ் வேர் ஸ்பில்டு" என்று திருப்பலாம். "கிக் தி பக்கெட்" என்பதை அப்படித் திருப்பினால் வாளியை யாரோ உதைத்த கதையாகிவிடும், சாவு காணாமல் போகும்.

அந்த வாளியைச் சொன்னபோது இன்னொன்று. அது "மண்டையைப் போட்டான்" என்ற தரத்துச் சொல். "காலமானார்" என்ற இடத்தில் வரவே கூடாது. விடுப்பு மெயிலில் "மை கொலீக்ஸ் ஃபாதர் கிக்ட் தி பக்கெட்" என்று ஒரு பிள்ளை எழுதினால், படிப்பவர் திடுக்கிடுவார், எழுதியவருக்கு ஏன் என்றே தெரியாது. அங்கே "பாஸ்டு அவே" தவிர வேறெதுவும் வேண்டாம். மரியாதைத் தரம் என்று நோட்டில் தனியாக ஒரு கட்டம் போடுங்கள்: பெரியவரிடம், சமவயதுக்காரரிடம், சாவு வீட்டில். மூன்றிலும் சொல்லிப் பார்க்கட்டும்.

திருவல்லிக்கேணி அகராதி:

தோற்றக் கதை கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், நினைவில் நிற்க நல்ல பசை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி கட்டுக்கதை.

"ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்பதற்கு, கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியம், இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களே பேச்சில் அதை அரிதாகத்தான் சொல்கிறார்கள். டிசம்பர் மழையை விவரிக்க "இட்ஸ் போரிங் டவுன்" போதும். நம் பாடப்புத்தகங்கள் இந்தத் தொடருக்குக் கொடுத்த இடம் ரொம்ப அதிகம்.

"ரூல் ஆஃப் தம்ப்" என்றால் கட்டைவிரல் தடிமன் குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று சட்டம் இருந்ததாம். அதுவும் பொய். அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. விரலால் உத்தேசமாக அளப்பதுதான் அடிப்படை. சாண், முழம் தெரிந்தவர்களுக்குக் கதையே தேவையில்லை. பூக்காரம்மா முழம் போடுவதைக் காட்டினால் போதும், பொருள் விளங்கிவிடும்.

"பைட் தி புல்லட்" பற்றி நம் நாட்டில் ஒரு தனிக்கதை: 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கச் சொன்னதால் வந்ததாம். சவுக்கடி வாங்கும் சிப்பாய் கத்தாமலிருக்கத் தோட்டாவை மெல்லுவது பற்றி 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆங்கிலக் கொச்சை அகராதியில் பதிவாகிவிட்டது. 1857 அதற்கு வெகுகாலம் பின்னால். பொருளுக்கும் அதுதான் பொருந்துகிறது: தவிர்க்க முடியாத வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்பது. "பல்லைக் கடித்துக்கொண்டு" என்றே தமிழில் சொல்லிக்கொடுங்கள்.

தைரியமாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. "தி ரைட்டிங் ஆன் தி வால்" தானியேல் 5-ஆம் அதிகாரம்: பெல்ஷாத்சாரின் விருந்தில் சுவரில் கை தோன்றி எழுதிய எழுத்து. கெடுதல் வரப்போவதற்கான அடையாளம் என்று மட்டும்தான் பொருள். சுவர் விளம்பரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. "டர்ன் எ ப்ளைண்ட் ஐ" என்பதற்கு 1801 கோபன்ஹேகன் போரில் நெல்சன் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, பின்வாங்கச் சொன்ன கொடியைக் காணவில்லை என்ற கதை பிரபலம். தமிழில் "கண்டும் காணாமல் இருப்பது". இங்கே "கண்ணை மூடிக்கிட்டு" என்று போடாதீர்கள். அது யோசிக்காமல் செய்வது. "ஹாட்-ட்ரிக்" 1858, ஷெஃபீல்டில் மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்த எச்.எச்.ஸ்டீஃபன்சனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தது. இதைச் சொன்ன வகுப்பு மறக்காது.

பெரம்பூர் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. "மரியாதைத் தரம்" கட்டம் என் நோட்டில் இல்லவே இல்லை, நாளைக்கே சேர்க்கிறேன். பன்னிரண்டு வாரத்தில் எத்தனை தொடர் வைக்கலாம்? மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதும் இரண்டு மூன்று பேரும் வகுப்பில் இருக்கிறார்கள்.

கோடம்பாக்கம் மொழிபெயர்ப்பாளர்:

புரிந்துகொள்வதையும் பயன்படுத்துவதையும் பிரித்துவிடுங்கள் மேடம். வாரத்துக்குப் பத்து என்று நூற்றிருபது தொடர் புரிந்தால் போதும். வாயிலும் மெயிலிலும் தாங்களே பயன்படுத்த வாரத்துக்கு இரண்டு, மொத்தம் இருபத்து நாலு. அதற்கு மேல் போனால் எல்லா வாக்கியத்திலும் ஒரு தொடரைச் செருக ஆரம்பிப்பார்கள், படிக்கவே திகட்டும். ஒரு மெயிலுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று விதியே போடுங்கள்.

ஒரு தொடருக்கு ஒரு அட்டை. முன்பக்கம் தொடர் மட்டும், மாறும் சொல்லுக்கு அடியில் கோடு. பின்பக்கம் தமிழ்ப் பொருள் ஒரு வரி, எந்த ஊர் வழக்கு, மரியாதைத் தரம், தமிழ் ஜோடி. கடைசி வரி "இதுக்கு இல்லை" என்று தொடங்கட்டும். "புல் மை லெக்" அட்டையில் "இதுக்கு இல்லை: காலை வாருவது". அந்தக் கடைசி வரியை நீங்கள் எழுதித் தராதீர்கள், பிள்ளைகளே தப்பு செய்து கண்டுபிடித்து எழுதட்டும்.

சோதிக்கும்போது பொருள் கேட்காதீர்கள். மூன்று வாக்கியம் கொடுங்கள், ஒன்றில் தொடர் தப்பான இடத்தில் இருக்கட்டும். எது, ஏன் என்று தமிழிலேயே சொல்லட்டும். ஏன் என்று சொல்ல முடிகிறவருக்கு அந்தத் தொடர் கைவசமாகிவிட்டது.

எஸ்.எஸ்.சி. பிள்ளைகளுக்குத் தனி வழி. நாலு விடையில் சொல்லுக்குச் சொல் அர்த்தம் தரும் விடையை முதலில் அடித்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது பொறி. எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் தப்புக்கு அரை மதிப்பெண் போகிறது, சரியானதற்கு இரண்டு வருகிறது. இரண்டு விடைக்குள் சுருக்க முடிந்தால் குறிக்கலாம். நாலுமே புதிதாகத் தெரிந்தால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது நல்லது, நேரமாவது மிஞ்சும்.

துரைப்பாக்கம் டெலிவரி:

மேடம், "டேபிள்" அட்டையை மட்டும் இரண்டு நிறத்தில் அடியுங்கள். கிளையன்ட் எந்த நாடு என்று பார்த்துவிட்டு அந்த நிற அட்டையைப் பையிலிருந்து எடுக்கட்டும்.